ஆஸ்துமா உள்ளவர்கள் வேக நடை நடக்கலாமா? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

கேள்வி: நடக்கும்போது எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வீடு திரும்பி உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சு இறுகி இருமல் வருகிறது. ஏன்?

பதில்: வேகம் கூடும்போது நாம் வாயால் மூச்சு வாங்கத் தொடங்குகிறோம். மூக்கு வழியே போகும் காற்று சூடாகி ஈரமாகிச் செல்லும். வாய் வழியே விரைந்து செல்லும் காற்றோ மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், அங்கிருந்து ஹிஸ்டமின் போன்ற பொருட்கள் வெளிப்பட்டு, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. பயிற்சியை நிறுத்திய 5 முதல் 10 நிமிடங்களில்தான் இது உச்சத்தை அடையும். சாதாரண மூச்சிரைப்பு உட்கார்ந்ததும் தணியத் தொடங்கும். இது உட்கார்ந்த பிறகு கூடும். முதல் 10, 15 நிமிடங்கள் மெதுவாக நடந்து, இடையிடையே அரை நிமிடம் மட்டும் வேகத்தைக் கூட்டிப் பழகினால், பலருக்கு இந்த இறுக்கம் வெகுவாகக் குறைகிறது. முடிக்கும்போதும் சட்டென நிற்காமல், வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்.

கேள்வி: நடைக்கு முன் தினமும் நீலநிற இன்ஹேலர் எடுக்கிறேன். பழக்கமாகிவிடுமா?

பதில்: போதைப் பழக்கம்போல ஆகாது. ஆனால், அதிலுள்ள சால்பூட்டமால் மருந்தைத் தினமும் எடுத்தால் அது தரும் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும். அது தினமும் தேவைப்படுகிறது என்றால், மூச்சுக்குழாயின் உள்வீக்கம் இன்னும் அடங்கவில்லை என்று பொருள். அதை அடக்குவது ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலர்தான். நீலநிற இன்ஹேலரை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜீனா 2019 முதல் வலியுறுத்தி வருகிறது. ஆகவே, உங்கள் மருத்துவரிடம் இதைப் பேசுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். என் எதிரில் இன்ஹேலரை எடுத்துக் காட்டச் சொன்னால், பலர் மூச்சை இழுப்பதற்கு முன்பே அழுத்திவிடுகிறார்கள். மருந்து நாக்கிலும் தொண்டையிலுமே படிந்துவிடுகிறது. ஸ்பேசர் எனும் உள்ளீடற்ற குழாயை இன்ஹேலரில் பொருத்தி, மெதுவாக இழுத்து, 10 வினாடி மூச்சை அடக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கேள்வி: எந்தப் பயிற்சி நல்லது?

பதில்: நடை, சைக்கிள், நீச்சல் எல்லாமே நல்லவைதான். நீச்சலில் ஈரக்காற்றைச் சுவாசிப்பது சாதகம். மூடிய அரங்கில் குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் வேறு குளம் பாருங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவு வேகத்தில் வாரம் 150 நிமிடங்கள் போதும். அந்த அளவை எட்டச் சில மாதங்கள் ஆனாலும் பரவாயில்லை.

கேள்வி: மார்கழி விடியலில் நடக்கலாமா?

பதில்: குளிர்ந்த காற்றும், தரையோடு தங்கிவிடும் புகையும் சேரும் நேரம் அது. வெயில் ஏறியபின் நடப்பது நல்லது. போகியன்று வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 35 வயது. மாரத்தான் ஆசை வீண்தானா?

பதில்: இல்லவே இல்லை. 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடிகளில் ஓடி மகளிர் உலக சாதனை படைத்த பவுலா ராட்க்ளிஃப், பதின்வயது முதலே ஆஸ்துமா உள்ளவர். நோய் கட்டுக்குள் இருப்பதுதான் முதல் நிபந்தனை. சளி, காய்ச்சல் இருக்கும் நாளிலும், முந்தைய இரவு இழுப்பினால் விழித்த நாளிலும் ஓடாதீர்கள். ஓட்டத்தின் நடுவே இழுப்பு வந்தால் நின்று, நிமிர்ந்து உட்கார்ந்து இன்ஹேலர் எடுங்கள். அதன் பிறகும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை என்றால், 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.