கவலையால் உறங்க முடியாதவருக்கு விசுவாசம் என்ன செய்யும்?

"கவலையினால் இரவில் உறக்கமே வருவதில்லை, கிறிஸ்தவ விசுவாசம் இதற்கு உண்மையிலேயே உதவுமா, வெறும் ஆறுதல் பேச்சா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும் என்றே என் அனுபவத்தில் சொல்வேன். கவலைக்கான காரணம் நீங்கிய பிறகு வரும் நிம்மதியைப் பற்றி நான் பேசவில்லை. காரணம் அப்படியே இருக்கும்போது கிடைக்கும் இளைப்பாறுதலைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பால்மர (ரப்பர்) தோட்டமொன்றில் வளர்ந்தவள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்ற அச்சம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்தது. இரவில் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார்; விடியும்போது மரப்பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது, சம்பளமும் குறையும். பிற்பாடு பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள், நாங்கள் டவுனுக்குக் குடிவந்தோம். வாடகை, கார் தவணை, பிள்ளைகளின் வேலை என்று கவலையும் கூடவே வந்தது.

ஆகவே, "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று இயேசு சொன்னதை வசதி படைத்தவர்களுக்கான அறிவுரையாக என்னால் வாசிக்க முடிந்ததில்லை. அதே வசனத்தில் "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்றும் அவர் சொல்கிறார். பாடு உண்டு என்பதை அறிந்தவர் சொன்ன சொல் அது.

எனக்கு மிகவும் துணையாக இருப்பது வேதாகமத்தின் 121-ஆம் சங்கீதம். இஸ்ரவேலைக் காக்கிறவர் "உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்று அது சொல்கிறது. அவர் விழித்திருக்கிறார் என்பது மெய்யானால், என் பிள்ளைகளுக்காகவும் என் வீட்டுக்காகவும் நானும் இரவெல்லாம் விழித்துக் காவல் இருக்கத் தேவையில்லை. படுத்துக் கண்களை மூடுவதே ஒரு விசுவாச அறிக்கை என்று நான் நம்புகிறேன். நாம் செயலற்றுக் கிடக்கும் அந்த நேரங்களிலும் நமக்குரியவர்களைத் தாங்குகிறவர் வேறொருவர் என்பதை உடலாலேயே ஒப்புக்கொள்கிறோம்.

உறக்கம் வராததற்குக் காரணம் உங்கள் விசுவாசக் குறைவே என்று யாராவது சொல்லியிருந்தால், அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். சாவதே மேல் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியிடம் தேவதூதன் ஒரு கண்டனமும் சொல்லவில்லை. தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் உண்டு, குடித்து, மறுபடியும் படுத்துக்கொண்டார். சோர்ந்தவரைக் கடவுள் நடத்தும் விதம் இது. சபைகளில் இதைப் போதுமான அளவு பிரசங்கிப்பதில்லை என்பது என் வருத்தம்.

அப்போஸ்தலனாகிய பவுல் காவலில் இருந்தபோது பிலிப்பி சபையாருக்கு எழுதுகையில், விண்ணப்பங்களை "ஸ்தோத்திரத்தோடே" தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்கிறார். அதை நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்ப ஜெபத்திலேயே செய்துவிடுகிறேன். படுக்கைக்குப் போனபின் தொடங்கினால், ஜெபம் என்ற பெயரில் கவலையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன். பொதுவாக "என் பாரத்தை எடுத்துக்கொள்ளும்" என்று நிறுத்தாமல் வாடகை, இரத்தப் பரிசோதனை முடிவு, தம்பியின் வேலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். அவற்றில் நாளை நீங்கள் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால், உதாரணமாக ஊழியர் சேமநிதி அலுவலகத்துக்குப் போய் விசாரிப்பது, அதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். மற்றதைக் கர்த்தரிடம் விட்டுவிட்டு, அன்று கிடைத்த ஒரு நன்மைக்காவது நன்றி சொல்லுங்கள். சில இரவுகளில் அதற்குப் பிறகும் உறக்கம் வராது. அப்போது புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து 4-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள், எட்டே வசனங்கள்.

உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினாலோ, போதகரிடம் சொல்வதோடு மருத்துவரையும் கட்டாயம் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம். பவுலோடு ஊழியம் செய்த லூக்காவே வைத்தியர்தான். ஆகையால் மருந்து சாப்பிடுவதற்கு வெட்கப்படாதீர்கள், வீட்டாரிடமும் மறைக்காதீர்கள்.