ஜெர்மன் வேலைச் சான்றிதழில் 'முயன்றார்' என்று எழுதியிருந்தால்

தம்பி, மியூனிக் கம்பெனியை விட்டு விலகியபோது தந்த ஆர்பைட்ஸ்சொய்க்னிஸில், அதாவது வேலைச் சான்றிதழில், 'கொடுத்த வேலைகளை எங்கள் திருப்திக்கு ஏற்ப முடித்தார், புதுப் பொறுப்புகளைச் செய்ய முயன்றார், கலகலப்பால் அலுவலகச் சூழலை மேம்படுத்தினார்' என்று இருக்கிறது, ஜெர்மன் நண்பர் படித்துவிட்டு முகம் சுளித்தார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

அவர் சுளித்ததில் நியாயம் இருக்கிறது. நம்மூர் ரிலீவிங் லெட்டர் மாதிரி இதைப் படிக்கக் கூடாது. இங்கே தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி, விலகும் ஊழியருக்குச் சான்றிதழ் தந்தாக வேண்டும். அதில் இருப்பது உண்மையாகவும் இருக்க வேண்டும், அடுத்த வேலைக்கு முட்டுக்கட்டையாகவும் இருக்கக் கூடாது என்பது நீதிமன்றங்களின் நிலை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட முதலாளிகள், பாராட்டு வாக்கியத்துக்குள்ளேயே மார்க் போடப் பழகிவிட்டார்கள். மறைபொருள் வைத்து எழுதக் கூடாது என்று அதே 109 சொல்வது தனி வேடிக்கை.

'ஸ்டெட்ஸ்', அதாவது 'எப்போதும்', கூடவே 'ஃபோல்ஸ்டன்', அதாவது 'மிக முழுமையான', திருப்தி என்று இருந்தால் முதல் தரம். முழுமைக்கு மேல் என்ன முழுமை என்று இலக்கணக்காரர்கள் முணுமுணுப்பார்கள், ஆனாலும் எச்.ஆர். கண் அதைத்தான் தேடும். 'எப்போதும் முழுத் திருப்தி' இரண்டு. 'எப்போதும்' போய்விட்டால் மூன்று. 'முழு'வும் போனால் நான்கு. உங்களுடையது நான்கு.

'முயன்றார்' அதைவிட மோசம். முயற்சி திருவினையாக்கும் என்று படித்து வளர்ந்த நமக்கு அது பாராட்டாகத்தான் கேட்கும். இங்கே சான்றிதழில் அந்த 'பெமூட்' வந்தால், முயன்றார், ஆனால் முடியவில்லை என்று பொருள். கலகலப்பைக் குடிப்பழக்கத்துக்கான ஜாடையாக வாசிப்பவர்களும் உண்டு. எழுதியவர் மனதில் அது இருந்ததா என்பது வேறு விஷயம். அடுத்த இடத்தில் படிப்பவர் என்ன நினைப்பார் என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

அதற்காக ஒவ்வொரு சொல்லையும் சந்தேகிக்க வேண்டாம். இணையத்தில் சுற்றும் 'ரகசியச் சொல்' பட்டியல்களில் பாதி மிகை. ஆர்வமும் ஊக்கமும் உள்ளவராக 'அறிந்துகொண்டோம்' என்று எழுதியதே மறைமுகக் குத்தல் என ஒருவர் வழக்குப் போட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2011இல் சொல்லிவிட்டது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? நாள் கடத்தாமல், மரியாதையாக, திருத்தம் கேட்டு எழுதுங்கள். எந்த வாக்கியம் எப்படி மாற வேண்டும் என்று நீங்களே ஜெர்மனில் எழுதிக் கொடுத்தால் வேலை சுலபம். வீண் சண்டையைத் தவிர்க்கப் பல கம்பெனிகள் மாற்றித் தந்துவிடும். மறுத்தால், அதே நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு கைகொடுக்கும்: மூன்றைவிட நல்ல தரம் கேட்டால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், மூன்றைவிட மோசமான தரம் தந்தால் நிரூபிக்க வேண்டியது கம்பெனி. சான்றிதழின் கடைசியில் நன்றியும் வாழ்த்தும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைக் கேட்க உரிமை இல்லை என்று 2012இலேயே தீர்ப்பாகிவிட்டது, ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.