மலைமேகத்தில் பனி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மைனஸ் 10 டிகிரி குளிரிலும் ஆல்ப்ஸ் மலைமேகங்கள் பெரும்பாலும் நீர்த்துளிகளாகவே இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். 0 டிகிரியில் நீர் உறைந்துவிடும் என்றல்லவா பள்ளியில் படித்தோம்? அப்படியானால் அங்கே விழும் பனி எப்படி உருவாகிறது?

செ.

அன்புள்ள செ.,

பனிக்கட்டி 0 டிகிரியில் உருகியே ஆக வேண்டும், ஆனால் நீருக்கு அங்கே உறைந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. மூலக்கூறுகள் படிகமாக அடுக்கப்பட முதலில் ஒரு கரு தோன்ற வேண்டும் என்பதால், தூய நீரின் நுண்துளி ஏறத்தாழ மைனஸ் 38 டிகிரி வரை உறையாமல் தாக்குப்பிடிக்கும். சுவிட்சர்லாந்தில் 3,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் ஆய்வு நிலையத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: மேகம் தழுவிச் செல்லும்போது கம்பிகளில் மோதும் துளிகள் அந்தக் கணமே உறைவதால், வெண்ணிறப் படிவு காற்று வரும் திசையை நோக்கி வளர்கிறது.

மைனஸ் 38 டிகிரியை எட்டும் முன்பே உறைய, படிகத்துக்கு அடித்தளமாகும் துகள் ஒன்று வேண்டும். சகாராவிலிருந்து வரும் தூசியில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமமும், இலைகளில் வாழும் சில பாக்டீரியாக்களும் அத்தகையவை. இவை மிக அரிதானவை. லிட்டருக்கு லட்சம் துளிகள் மிதக்கும் மேகத்தில், மைனஸ் 20 டிகிரியில்கூட ஒன்றிரண்டு துகள்கள்தான் வேலை செய்யும். ஆனால் ஒரு படிகம் தோன்றிவிட்டால் அது விரைந்து வளர்கிறது. துளிக்குப் போதுமான ஈரமுள்ள காற்று, மைனஸ் 15 டிகிரியில் பனியின் கணக்கில் ஏறக்குறைய 15 சதவீதம் உபரி ஈரம் கொண்டது என்பதால், படிகம் ஆவியை ஈர்த்துப் பெருக, அருகிலுள்ள துளிகள் ஆவியாகிச் சுருங்குகின்றன. சரிவில் மோதி மேலெழும் காற்று புதிய ஈரத்தைக் கொண்டுவந்தபடி இருப்பதால்தான் மலைமேகத்தில் துளியும் படிகமும் நெடுநேரம் சேர்ந்திருக்க முடிகிறது.

என்னை ஆழமாக ஈர்ப்பது இதற்கு அடுத்த கேள்வி. யுங்ஃப்ராவ்யோக்கில் அளக்கப்படும் படிகங்கள், துகள்களின் எண்ணிக்கையைவிடப் பல நேரங்களில் நூறு மடங்குக்கும் மேல். மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரி வரையிலான வெப்பநிலையில், விழும் பனியுருண்டைமீது துளிகள் ஒட்டி உறையும்போது பனிச் சில்லுகள் தெறிப்பதை ஹாலெட், மோசப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974இல் காட்டினார்கள். அதைவிடக் குளிர்ந்த மேகங்களுக்கு இந்த விளக்கம் போதாது. அங்கே மலையே மேகத்துக்குப் பனியைத் தருகிறது என்பதே எனக்கு வலுவாகப் படுகிறது; சரிவில் கிடக்கும் பனியையும் உறைபனிப் படிகங்களையும் காற்று கிளப்பி மேகத்தில் கலக்கிறது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து எல்க் மலை பற்றி 1987இல் வெளியான ஆய்வு, முகட்டில் அளந்ததையும் அதற்கு மேலே விமானத்தில் அளந்ததையும் ஒப்பிட்டது. தரையை ஒட்டிய மேகத்தில்தான் படிகங்கள் பன்மடங்கு இருந்தன.