சீட்டில் எழுதிய ‘கிரைண்டிங்’

கேள்வி: செல்லூரில் இருந்து எழுதுகிறேன் டாக்டர். என் கணவருக்கு 42 வயது, லேத் பட்டறையில் வேலை. ராத்திரி தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறார், குறட்டையும் உண்டு. போன மாதம் ஒரு கடைவாய்ப் பல்லை அடைத்தார்கள். கடித்தால் வலிக்கிறது என்று திரும்பப் போனதற்கு, சீட்டில் ‘கிரைண்டிங்’ என்று எழுதி அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். “நான் இரும்பில் செய்வதை என் வாயில் செய்யப் போகிறார்களா?” என்று போக மறுக்கிறார். பல்லைத் தேய்த்தால் கடிப்பது நின்றுவிடுமா?

பதில்: உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நாம் மாவை அரைப்போம், கத்திக்குச் சாணை பிடிப்போம், பல்லை நறநறப்போம். ஆங்கிலத்தில் எல்லாமே கிரைண்டிங். பல் டாக்டர் சீட்டில் அது நோயாகவும் இருக்கலாம், வைத்தியமாகவும் இருக்கலாம். சீட்டைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அடைத்த பல் வலிக்கிறது என்பதால், வைத்தியமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடைப்பு மயிரிழை உயர்ந்திருந்தாலும் வாய் மூடும்போது அந்தப் பல்தான் முதலில் இடிக்கும். மெல்லிய நீலத் தாளை இடையில் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். மேடான இடத்தில் மை அழுத்தமாக ஒட்டும். அந்தப் புள்ளியை மட்டும் வைரத்தூள் பதித்த சின்ன முனையால் தேய்ப்பார்கள். தேய்வது பெரும்பாலும் அடைப்புதான், பல் அல்ல. சில நிமிட வேலை, போய்வரச் சொல்லுங்கள். அதன் பிறகும் வலித்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ராத்திரி கடிப்பது வேறு கதை. அது தேய்ப்பதால் நிற்காது. அதற்காக நல்ல பற்களைத் தேய்க்க யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பல்லின் வெளிப்பூச்சான எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் கடைவாய்ப் பல்லின் முகட்டில்கூட சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அம்மி தேய்ந்தால் கொத்திக்கொள்ளலாம். எனாமல் போனால் போனதுதான்.

வயிற்றில் பூச்சி என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்களே? இவர் விஷயத்தில் அதை விட்டுவிடுங்கள். தூக்கம் அரைகுறையாகக் கலையும் நேரத்தில் தாடைத் தசை இறுகுகிறது. மனக்கவலை, சிகரெட், மது, அளவுக்கு மீறிய டீ, காபி எல்லாம் அதைக் கூட்டும். எனக்கு உறுத்துவது அந்தக் குறட்டைதான். நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா, பகலில் தூங்கி வழிகிறாரா என்று கவனியுங்கள். அப்படியானால் பல்லோடு விடாமல் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். உங்களுக்குப் பெரியாஸ்பத்திரி பக்கம்தானே, காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம்.

பற்களைக் காப்பாற்ற, ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ள அளவெடுத்துச் செய்யும் ‘நைட் கார்ட்’ என்ற உறை உண்டு. கடிக்கும் பழக்கத்தை அது மாற்றாது. பல்லுக்குப் பதிலாக அது தேயும், அவ்வளவுதான்.

அப்புறம், பட்டறையில் சாணைக் கல்லின் முன் குனிந்து நிற்கும்போது அவர் முகத்தை ஒருமுறை பாருங்கள். காதுக்குக் கீழே கன்னத்தில் தசை புடைத்திருந்தால், பகலிலும் பல்லை இறுக்குகிறார் என்று அர்த்தம். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், பல் விலகியிருக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் தாடையையும் தளர்த்தச் சொல்லுங்கள்.