டையூவில் நிற்பது தாத்தாவின் குக்ரியா?

கேள்வி: என் தாத்தா 1960-களில் ஐஎன்எஸ் குக்ரி போர்க்கப்பலில் மாலுமியாக இருந்தார். குஜராத் கரையோரத் தீவான டையூவில் குக்ரி கப்பலை மக்கள் பார்வைக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அழைத்துப்போய் அவருடைய கப்பலைக் காட்டலாமா?

பதில்: அவசியம் அழைத்துப்போங்கள். ஆனால் "உங்க கப்பலைப் பார்க்கப் போறோம் தாத்தா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அங்கே இருப்பது இரண்டாவது குக்ரி. தாத்தாவின் கப்பல் அதே டையூ கடலின் அடியில் கிடக்கிறது.

முதல் குக்ரி பிரிட்டனில் கட்டப்பட்டு 1958-இல் நம் கடற்படைக்கு வந்த ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல். 1971 போரின்போது, டிசம்பர் 9 இரவு, பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோர் ஏவிய டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் குண்டு) தாக்கிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா மற்றவர்களைத் தப்ப வைத்துவிட்டுக் கப்பலோடே போனார். இறந்தவர்களில் தாத்தாவோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்களும் இருந்திருக்கலாம். அதனால்தான் பேச்சில் கவனம் வேண்டும் என்கிறேன்.

அதன்பின் ஏறத்தாழ 18 ஆண்டுகள் குக்ரி என்ற பெயரில் கப்பலே கிடையாது. 1989 ஆகஸ்டில்தான் மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய ஏவுகணைக் கப்பலுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அது 2021 டிசம்பரில் ஓய்வுபெற்று டையூவுக்கு வந்தது.

வீட்டில் பழைய படங்கள் இருந்தால் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். முதல் கப்பல் 149, இரண்டாவது 49. பழைய எண்ணின் வால் புதியதில் தொடர்வது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். அதே வகைச் சகோதரக் கப்பல்களிலும் இப்படித்தான்: பழைய கிர்பான் 144, அதே பெயரில் வந்த புதியது 44; பழைய குடார் 146, புதியது 46. நீளத்தில் இரண்டு குக்ரிகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 90 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதனால் நீளத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். ஏவுகணைக் குழாய்களும் பின்பக்கம் ஹெலிகாப்டர் இறங்கும் தளமும் தெரிந்தால் அது இரண்டாவது கப்பல். படமே இல்லையென்றால் பணிச்சான்றிதழில் உள்ள ஆண்டு போதும்.

டையூவில் கடலைப் பார்த்தபடி ஒரு குன்றின்மேல் குக்ரி நினைவிடம் இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருப்பது முதல் குக்ரியின் மாதிரி. தாத்தாவை முதலில் அங்கே கூட்டிப்போங்கள், பெரிய கப்பலை அப்புறம் பார்க்கலாம். பார்வை நேரத்தைக் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கப்பலுக்குள் ஏணிப்படிகள் செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி இருந்தால் மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.