90-இல் ஸ்டியரிங் நடுங்குகிறது, 110-இல் நின்றுவிடுகிறது: காரில் எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக். 85 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கிறது, 110-ஐ ஒட்டி அடங்கிவிடுகிறது. அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் செய்தாயிற்று, போகவில்லை. கடைக்காரர் நான்கு டயரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் முன்சக்கரம் ஒன்றில் பேலன்ஸ் சரியில்லை, அதாவது சுற்றிலும் எடை சமமாக இல்லை என்பதற்கே அச்சு அசலாகப் பொருந்துகின்றன. "அதான் பேலன்சிங் பண்ணியாச்சே" என்பீர்கள். பில்லில் பேலன்சிங் என்று எழுதியிருப்பது வேறு, சக்கரம் உண்மையிலேயே சமநிலையில் இருப்பது வேறு. மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் லீவு நாட்களை எல்லாம் கழித்தவன் என்ற தைரியத்தில் சொல்கிறேன், இந்தப் புகாரோடு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே எங்கோ பேலன்சிங் செய்துவிட்டு வந்தவைதான்.

சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது கெட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், நேர் ரோட்டில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயரின் ஓரம் தேயும். நடுக்கம் வராது. மாதக்கணக்கில் டயரைக் கன்னாபின்னாவென்று தேய்த்து, அந்த வழியாக வேண்டுமானால் நடுக்கம் கொண்டுவரலாம். டயர் கடை போர்டுகளில் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவைப்பதால் வந்த குழப்பம் இது.

சரி, கடைக்குப் போகும் முன் வண்டியை ஒருமுறை நல்ல ரோட்டில் ஓட்டி மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நடுக்கம் எந்த வேகத்தில் வந்து எந்த வேகத்தில் போகிறது? உடம்பில் எங்கே தெரிகிறது, கையிலா, சீட்டிலா? அந்த நேரத்தில் உங்கள் கால் எதில் இருக்கிறது, ஆக்சிலரேட்டரிலா, பிரேக்கிலா, இரண்டிலும் இல்லையா? மெக்கானிக்கிடம் "வண்டி உதறுது" என்று மட்டும் சொன்னால் அவர் கைக்கு எட்டிய பாகத்தை எல்லாம் மாற்றுவார். இந்த மூன்றையும் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கையில் தெரிந்தால் முன்சக்கரம், சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம் என்பது பொதுவாகப் பொருந்தும் கணக்கு. வேகம் ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 185/65 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர் போகும். 90 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 13 சுற்று, 100-இல் 14. ரிம் விளிம்பில் 30 கிராம் கூடுதல் இருக்கிறது என்று வையுங்கள். 50 கி.மீ. வேகத்தில் அது ஒரு கிலோவுக்குச் சற்று மேலான விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு என்பதால் 100-இல் அதே 30 கிராம் நாலரை கிலோவாகிவிடும், அதுவும் நொடிக்கு 14 முறை. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாமல் செங்கல்பட்டு டோலைத் தாண்டியதும் ஆரம்பிப்பதன் காரணம் இதுதான்.

அப்படியானால் 110-இல் இன்னும் மோசமாக வேண்டாமா? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சக்கரம், அது மாட்டப்படும் ஹப், குலுங்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்குச் சேர்த்து இயல்பாகவே ஒரு ஆட்ட வேகம் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 வரை. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால்தானே உயரப் போகும்? சக்கரத்தின் சுற்றும் அந்தத் தாளமும் ஒன்றுசேரும் இடத்தில் நடுக்கம் உச்சத்துக்குப் போகிறது, தாண்டியதும் அடங்குகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, தாண்டினால் போகிற நடுக்கம் என்றாலே என் சந்தேகம் முதலில் சக்கரத்தின் மேல்தான். 120 ஓட்டினால் தெரியவில்லை என்று நிம்மதியடையாதீர்கள், பேரிங்கும் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷும் அடியை வாங்கிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்து பேலன்சிங். மறுபடி செய்யச் சொல்லிவிட்டு ஏசி ரூமில் போய் உட்காராமல் மெஷின் பக்கத்திலேயே நில்லுங்கள். சமநிலைக்காக ரிம்மில் ஒட்டியிருக்கும் சின்ன எடைத் துண்டுகள்தான் வெயிட். முதலில் பையன் பழைய வெயிட்டுகளைப் பிடுங்குகிறானா பாருங்கள். ரிம்மின் உள்பக்கத்தில் காய்ந்த சேறு அப்பியிருந்தால் அதைச் சுரண்ட வேண்டும். மழைக்காலத்தில் மண் ரோட்டில் போய்வந்த வண்டிகளில் சில நேரம் கோளாறே அதுதான், தண்ணீர் அடித்துக் கழுவினால் தீர்ந்தது. பிறகு சக்கரத்தை மெஷின் ஷாஃப்டில் மாட்டி, நடு ஓட்டையில் கூம்பு வைத்து இறுக்குவார்கள். ரிம்மின் விட்டம், அகலம், மெஷினிலிருந்து உள்ள தூரம் மூன்றையும் மெஷினில் ஏற்ற வேண்டும். அவசரத்தில் போன வண்டியின் அளவுகளையே வைத்துச் சுற்றும் கடைகளும் உண்டு. சுற்றியதும் உள்பக்கம் இவ்வளவு, வெளிப்பக்கம் இவ்வளவு என்று கிராமில் இரண்டு எண் வரும். வெயிட் ஒட்டிய பிறகு கட்டாயம் இன்னொரு முறை சுற்றி, இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு சோதனை கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. பூஜ்யம் காட்டிய சக்கரத்தை ஷாஃப்டில் தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். திரும்பவும் பூஜ்யமோ ஐந்து கிராமோ வந்தால் நம்பலாம். 25, 30 என்று வந்தால் சக்கரம் மெஷினில் நடுவாக உட்காரவில்லை என்று அர்த்தம். கூம்பு தேய்ந்திருக்கும், அல்லது ரிம்மின் ஓட்டையில் துரு இருக்கும். அந்த மெஷினில் எத்தனை முறை செய்தாலும் உங்கள் நடுக்கம் போகாது. வேறு கடை பாருங்கள்.

சக்கரம் சுற்றும்போதே ரிம்மின் உள் விளிம்பைக் கண்ணால் பாருங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியை விளிம்புக்கு ஒரு நூல் தள்ளி அசையாமல் பிடித்தால், வளைந்த ரிம் கிட்டே வந்து வந்து போவது நன்றாகத் தெரியும். பள்ளத்தில் விட்ட அடி பெரும்பாலும் உள் விளிம்பில்தான் விழும், வெளியிலிருந்து பார்த்தால் ரிம் புதுசு போல இருக்கும். வளைந்த ரிம்மில் எவ்வளவு வெயிட் ஒட்டினாலும் மெஷின் பூஜ்யம் காட்டும், ரோட்டில் நடுங்கும். ஒரே சக்கரத்துக்கு 60, 70 கிராம் கேட்டால் அப்படியே ஒட்டிக்கொண்டு வராதீர்கள், ஏன் இவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள்.

சித்தப்பா மகனின் காரில் இப்படித்தான் ஆனது. ஒவ்வொரு தடவையும் மெஷின் வெவ்வேறு எண் காட்டியது. ஒட்டினால் ஒரு நாள் நன்றாக ஓடும், மறுநாள் காலை பழையபடி உதறும். மாமா சக்கரத்தைக் கையில் எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார், "டயரைக் கழட்டு" என்றார். கழற்றினால் உள்ளே பச்சையாக ஒரு குட்டை. ஏதோ ஒரு பங்க்சர் கடையில் ஓட்டையைத் தேடச் சோம்பல்பட்டு, ஓட்டையை அடைக்கும் லிக்விடை ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். வண்டி நிற்கும்போது அது கீழே தேங்கும், ஓடும்போது இஷ்டத்துக்குப் பரவும். எந்த மெஷினாலும் அதைப் பிடிக்க முடியாது. துடைத்து எடுத்துவிட்டு, ஓட்டைக்கு உள்பக்கமாகப் பேட்ச் ஒட்டியதோடு சரியாகிவிட்டது. உங்கள் டயரில் யாராவது லிக்விட் ஊற்றியது நினைவிருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

பேலன்சிங்கில் சந்தேகம் தீர்ந்தும் நடுக்கம் போகாவிட்டால், செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. முன்சக்கரங்கள் இரண்டையும் அதே பக்கத்திலேயே பின்னால் போட்டு, பின்சக்கரங்களை முன்னால் கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்கு இடம் மாறினால் குற்றவாளி ரிம் அல்லது டயர். அப்படியே ஸ்டியரிங்கிலேயே இருந்தால் சக்கரம் நிரபராதி, வண்டியின் பாகங்களைப் பார்க்க வேண்டும். சக்கரம் கழன்றிருக்கும் நேரத்தில் ஹப்பின் முகத்தையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கடலோர ஊர்களில் அங்கே துரு செதில் செதிலாக ஏறி, சக்கரம் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். கம்பெனி ரிம்மை எடுத்துவிட்டு வெளியில் அலாய் போட்டிருந்தால் அதன் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் அதற்கென்று ஹப் ரிங் கிடைக்கும், பெரிய செலவில்லை.

மற்ற நடுக்கங்களுக்கு வேறு அடையாளம் உண்டு. பிரேக்கை அழுத்தும்போது மட்டும் ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க் சமமாகத் தேயவில்லை. ஓட்ட ஓட்ட நடுக்கம் கூடிக்கொண்டே போய், நிறுத்திப் பார்த்தால் ஒரு சக்கரம் மட்டும் அனலாக அடித்தால் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது உதறி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட், குறிப்பாக மேட்டில் நாலு பேரோடு ஏறும்போது தெரியும். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அதே வேகத்தில் ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றிப் பாருங்கள். கியரோடு நடுக்கமும் மாறினால் இன்ஜின் பக்கம், அதைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் போயிருக்கலாம். மாறாவிட்டால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. இதைச் சோதிக்க ஓடும் வண்டியில் இன்ஜினை ஆஃப் செய்யச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் லாக் ஆகலாம்.

பேரிங் போனால் நடுக்கத்தைவிட "ஹூம்" என்ற சத்தம்தான் முதலில் வரும், வளைவில் கூடும் அல்லது குறையும். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயின்ட் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டின் ஆட்டம் தெரியும். தேய்ந்த புஷ்ஷும் ஜாயின்ட்டும் தானாக நடுக்கத்தை உண்டாக்குவதைவிட, சக்கரத்தில் இருக்கும் சின்னக் கோளாறைப் பெரிதாக்கிக் காட்டுவதே அதிகம். அதனால் பேலன்சிங்கைச் சரிசெய்யாமல் சஸ்பென்ஷனின் லோயர் ஆர்ம் மாற்றுவது வீண் செலவு.

இவ்வளவும் பொறுமையாகப் பார்க்கக் கூடிய நடுக்கத்துக்கு. நேற்று வரை இல்லாமல் இன்று திடீரென்று வந்தால், அதிலும் டயர் கடைக்குப் போய்வந்த மறுநாள் வந்தால், ஓரங்கட்டி நிறுத்தி வீல் நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50, 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்ப்பது நல்லது. எவ்வளவு இறுக்கம் என்பது மேனுவலில் இருக்கும், சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டர் அக்கம்பக்கம். டயரின் பக்கவாட்டில் கொப்புளம் தெரிந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது, அந்த டயரில் நெடுஞ்சாலை ஏறக் கூடாது. 30, 40 வேகத்திலேயே வண்டி அலைந்தால் டயருக்குள் இருக்கும் கம்பி பெல்ட் பிரிந்திருக்கலாம், தேய்மானப் பரப்பில் ஒரு இடம் மட்டும் புடைத்து நிற்கும்.

உங்கள் டயர்களுக்கு வருவோம். பக்கவாட்டில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரானது. வெடிப்பு விழுந்தோ, டயர் வரிகளின் பள்ளத்தில் உள்ள 1.6 மி.மீ. அடையாளக் கட்டை வரை தேய்ந்தோ இருந்தால் நடுக்கம் இருக்கிறதோ இல்லையோ மாற்றத்தான் வேண்டும். அப்படி இல்லையென்றால் முன் பின் மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, எந்தச் சக்கரம் என்று பிடியுங்கள். டயர்தான் என்றே முடிவானாலும் நான்கும் ஒரே நேரத்தில் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அந்த ஒரு அச்சுக்கு இரண்டு போட்டால் போதும். சக்கரங்களை மாற்றிய பிறகு நடுக்கம் கையிலா சீட்டிலா என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.