நூறு எம்பிபிஎஸ் இணைய வேகம் இருந்தும் ஆன்லைன் செஸ் ஆட்டம் பாதியில் அறுவது ஏன்?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் தினமும் மாலையில் லேப்டாப்பில், சில நாள் போனில், ஆன்லைனில் செஸ் ஆடுகிறாள். ஜெயிக்கிற ஆட்டத்தில்கூட ‘மீண்டும் இணைகிறது’ என்று வந்து நின்றுவிடுகிறது, கடிகாரம் ஓடித் தோற்கிறாள். எங்களுடையது 100 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பு. வீடியோ எல்லாம் தடங்கலில்லாமல் ஓடுகிறது. கம்பெனியில் கேட்டால் 200க்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். அதில் கொஞ்சம் வேறு ஒன்றுக்குத் தேவைப்படலாம், கீழே சொல்கிறேன்.

உங்கள் மகள் ஒரு சிப்பாயை நகர்த்தும்போது வீட்டிலிருந்து வெளியே போகிற தகவல் ஒரு குறுஞ்செய்தி அளவுகூட இருக்காது. அதற்கு 100 எம்பிபிஎஸ்ஸும் வேண்டாம், 10ம் வேண்டாம். செஸ்ஸுக்கு வேண்டியது விடாத தொடர்பு. ஆட்டம் தொடங்கும்போது தளத்தின் சர்வருக்கும் உங்கள் கருவிக்கும் நடுவே ஒரு இணைப்பு திறக்கிறது, ஆட்டம் முடியும்வரை அது திறந்தே இருக்க வேண்டும். வீடியோ அப்படி இல்லை. அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கான படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவே ஐந்து விநாடி லைன் போனாலும் நமக்குத் தெரியாது. செஸ்ஸில் எதிராளியின் அடுத்த மூவை யாரும் முன்கூட்டியே இறக்கி வைக்க முடியாதே! அதனால் வீடியோ நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வேகம் காட்டும் ஸ்பீட் டெஸ்டிலும் இந்தச் சின்னச் சின்ன அறுபடல்கள் பெரும்பாலும் சிக்குவதில்லை.

சரி, எங்கே அறுகிறது? புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடுகளுக்கு நெட்வொர்க் போடுகிற வேலையில் பல வருடம் இருக்கிறேன். இந்தப் புகாருக்கு நான் முதலில் செய்வது ஒரே ஒரு சோதனைதான், நீங்களே செய்யலாம். மகள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே லேப்டாப்பை வைத்து, விண்டோஸில் கட்டளை அடிக்கிற கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் இரண்டைத் திறங்கள். ஒன்றில் பிங் (ping) கட்டளையோடு உங்கள் ரவுட்டரின் எண்ணை அடியுங்கள்; ஒரு சின்னச் செய்தி போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். இன்னொன்றில் அதே கட்டளையோடு 8.8.8.8 என்று அடியுங்கள், அது வெளியே இருக்கிற கூகுள் சர்வர். இரண்டிலும் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ஆங்கில ‘டி’யும், அதாவது டைகரின் டி, சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். மாலையில் ஆட்டம் அறுகிற நேரத்தில் இரண்டையும் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

ரவுட்டர் ஜன்னலில் 2, 3, 5 மில்லி விநாடி என்று சீராக வர வேண்டும். அங்கேயே எண் தாவினால், அல்லது நேரம் கடந்துவிட்டது (Request timed out) என்று வரி வந்தால், கோளாறு உங்கள் வீட்டுக்குள், வைஃபையில். ரவுட்டர் சீராக இருந்து 8.8.8.8 மட்டும் அறுந்தால் கோளாறு வெளி லைனில். இரண்டும் சீராக இருந்தும் ஆட்டம் நின்றால் தளத்தையோ, பிரவுசரையோ, அந்தக் கருவியையோ பார்க்க வேண்டும்.

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் இதே புகாருக்குப் போனேன். பையன் பின்னறையில் ஆடுகிறான், ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால் ஷோகேஸுக்குள். நடுவில் சுவர், சுவரை ஒட்டி ஸ்டீல் பீரோ. ரவுட்டருக்கு பிங் போட்டால் 3, 4, 3, திடீரென 412, அப்புறம் பதிலே இல்லாத இரண்டு வரி, மறுபடி 4. அந்த இரண்டு வரியில்தான் அவன் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. ரவுட்டரை வெளியே எடுத்து, பீரோ மறைக்காத இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை அடித்து வைத்தோம். அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசை உண்டு. வைஃபை பட்டியலில் ஒரு பெயருக்குப் பின்னால் 5ஜி என்று இருந்தால் அது செல்போன் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ ஆடினால் அதில் சேருங்கள். மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ், தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. வீட்டுக்கு வீடு ரவுட்டர் இருக்கிற நெருக்கமான தெருவில் எல்லோரும் அந்த மூன்றையே பங்கு போடுகிறோம். மைக்ரோவேவ் அடுப்பு ஓடினாலும் அந்த அலைவரிசைதான் அடிவாங்கும்.

லேப்டாப்பில் ஆடும் நாட்களுக்கு என் முதல் சிபாரிசு ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராகப் போகிற ஒரு லேன் கேபிள். பிளானை உயர்த்துவதற்குப் பதில் பணத்தை இதற்குச் செலவழியுங்கள். கடலோர ஊர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டில் கேபிள் போட்டும் விட்டுவிட்டு வந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எட்டு பின்களில் இரண்டில் பச்சைக் களிம்பு, உப்புக் காற்று செய்த வேலை. புது பிளக்கை அழுத்திப் பொருத்தியதும் (கிரிம்ப்) சரியாகிவிட்டது. பழைய கேபிள் வைத்திருந்தால் பின்களை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

நீங்கள் ‘மாலையில்’ என்று எழுதியிருப்பதால் எனக்கு இன்னொரு சந்தேகம். அந்த நேரத்தில் வீட்டில் யாருடைய போனாவது படங்களை கூகுளுக்கு ஏற்றுகிறதா? கிளவுடில் சேமிக்கிற கேமரா வாசலில் இருக்கிறதா? அப்லோடு நிரம்பினால் ரவுட்டரில் வரிசை கட்டும். ஆல்பேட்டை செக்போஸ்டில் இருபது லாரிக்குப் பின்னால் ஒரு பைக் மாட்டிக்கொண்டால் எப்படியோ, அப்படித்தான் மகளின் மூவும். பைக்குக்கு ரோட்டில் இடம் நிறைய வேண்டாம், முன்னால் இருக்கிற லாரிகள் நகர வேண்டும். 8.8.8.8 ஜன்னலில் 20, 30 ஆக இருந்த எண் 300, 500 ஆக ஏறி அப்படியே நின்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். போட்டோ பேக்கப்பை ராத்திரி படுக்கும்போது ஓடும்படி மாற்றிவிடுங்கள்.

போனில் ஆடும்போது வேறு சங்கதி. வைஃபை சற்று மங்கினாலே பல போன்கள் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும், பிறகு திரும்பும். ஒவ்வொரு தாவலிலும் இணைய முகவரி மாறுவதால் திறந்திருந்த இணைப்பு அறுந்துவிடும். அதனால் வைஃபையில் ஆடினால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், டேட்டாவில் ஆடினால் வைஃபையை அணைத்துவிடுங்கள். பேட்டரி சேமிப்பில் செஸ் செயலிக்கு விலக்கு கொடுங்கள். நடுவில் வாட்ஸ்அப் பார்க்கப் போனால் சில போன்கள் செயலியை உறங்க வைத்துவிடும் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள்.

வெளி லைன்தான் அறுகிறது என்றால் பைபர் பெட்டியைப் பாருங்கள். LOS என்று எழுதிய விளக்கு சிவப்பில் சிமிட்டினால் ஒளி வரவில்லை. விளக்கு பச்சையாக இருந்தும் அறுந்தால், வருகிற டெக்னீஷியனிடம் பவர் மீட்டர் வைத்து ஒளியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது டிபிஎம் என்ற அலகில் வரும், மைனஸுக்குப் பின்னால் எண் கூடக்கூட ஒளி மங்கல். வீட்டுப் பெட்டிகளுக்குப் பொதுவாக மைனஸ் 27 டிபிஎம் கடைசி எல்லை. மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி, மைனஸ் 26 என்றால் மழை, காற்று, கம்பத்தில் ஒரு இழுப்பு, எதற்கும் தாங்காது. வீட்டுக்குள் பைபரை ஆணியில் மடக்கிக் கட்டியிருந்தாலும் ஒளி கசியும். ‘நெட் ஸ்லோ’ என்று புகார் கொடுத்தால் ஸ்பீட் டெஸ்ட் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ‘பாக்கெட் லாஸ் இருக்கிறது’, அதாவது அனுப்புகிற தகவல் துண்டுகள் வழியில் தொலைகின்றன என்று சொல்லி, பிங் ஓடிய ஜன்னலைப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள்.

கரண்ட் போகும்போது அறுகிறதா என்றும் கவனியுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். அது மாறுகிற அந்தக் கண்சிமிட்டலில் ஃபேன் நிற்காது, ஆனால் ரவுட்டர் அணைந்து மறுபடி எழும், முழுதாக எழ ஓரிரு நிமிடம் ஆகும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் யூபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் நிலை உண்டு, அதில் வைத்தால் மாற்றம் வேகமாக நடக்கும். அதைவிட ரவுட்டருக்கென்று விற்கிற, சிறு பேட்டரி உள்ள மினி யூபிஎஸ் நல்லது. வோல்ட் அளவு பொருந்த வேண்டும். பைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்குமே வேண்டும்.

தளத்தின் பக்கமோ, நடுவழியிலோ கோளாறு வருவதும் உண்டு. 2020 ஆகஸ்ட் 30 அன்று ஆன்லைன் செஸ் ஒலிம்பியாட் இறுதியில் இந்தியாவின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பு போய் நேரத்தில் தோற்றார்கள். அன்று சென்சுரிலிங்க் என்ற பெரிய இணைய நிறுவனத்தில் கோளாறு; பல தளங்களின் தகவலைக் கொண்டுசேர்க்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவையும் அதனால் உலகின் பல இடங்களில் தடுமாறியது. முறையீட்டுக்குப் பிறகு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கடலடி கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் இணையம் தடுமாறியது. லிசெஸ் என்ற செஸ் தளத்தின் சர்வர்கள் பிரான்சில் இருப்பதால் நம் மூவ் போய்வரச் சாதாரணமாகவே 150, 200 மில்லி விநாடி ஆகலாம். அது சீராக இருந்தால் கவலை இல்லை. லிசெஸ் சிறிய தாமதத்துக்குக் கடிகாரத்தில் ஈடு கொடுக்கிறது, முழுதாக அறுந்தால் அந்த ஈடு உதவாது.

இவற்றைச் சரிசெய்யும்வரை அவளை ஒரு நிமிட, மூன்று நிமிட ஆட்டங்கள் ஆட விடாதீர்கள். பத்து நிமிடத்தோடு மூவுக்கு ஐந்து விநாடி சேரும் ஆட்டமாக இருந்தால் இருபது விநாடி அறுந்தாலும் மீளலாம். அறுந்தால் பக்கத்தைத் திரும்பத் திரும்ப ரீஃபிரெஷ் செய்யாமல், உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டை எழுப்பி லேப்டாப்பை அதில் சேருங்கள். ஆட்டம் சர்வரில்தான் இருக்கிறது, அதே கணக்கில் நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போட்டி என்றால் இப்படி மாறலாமா என்று நடுவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப ஆட்டம் பாதியில் நின்றால் தளம் தற்காலிகத் தடை போடக்கூடும். அப்படி வந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். தோற்கும்போது ஓடிவிட்டாள் என்று எதிராளி நினைப்பதே அவளுக்குப் போதுமான வலி.

இன்று அவள் ஆடுகிற நேரத்தில் அந்த இரண்டு பிங்கையும் ஓடவிடுங்கள். எந்த ஜன்னலில் அறுந்தது, எத்தனை வரி, வீட்டில் அப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதி அனுப்புங்கள். மீதியை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.